ம்ராவின்ஸ்கியைக் கேட்பதற்கு முன் சுருதியைச் சரிபாருங்கள்

பழைய ஒலிநாடாக்களைச் செப்பனிட்டு டிஜிட்டலுக்கு மாற்றுவது என் தொழில். அந்தப் பழக்கத்தால், யாராவது ஒரு பழைய பதிவைப் பாராட்டினாலும் குறை சொன்னாலும், எந்தப் பிரதியில் கேட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. ரஷ்ய இசை நடத்துநர் எவ்கெனி ம்ராவின்ஸ்கியைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவரைப் பற்றி இன்று உலவும் அபிப்பிராயங்களில் ஒரு பகுதி, அவர் நடத்திய இசையிலிருந்து வந்ததல்ல; தவறான வேகத்தில் ஓடிய டேப்புகளிலிருந்து வந்தது.

1903இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த ம்ராவின்ஸ்கி, 1938இல் மாஸ்கோவில் நடந்த சோவியத் யூனியன் முழுமைக்குமான நடத்துநர் போட்டியில் முதல் பரிசு பெற்று, அதே ஆண்டில் லெனின்கிராட் (அதே நகரத்தின் சோவியத் காலப் பெயர்) பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் தலைமை நடத்துநரானார். 1988 ஜனவரியில் இறக்கும் வரை, ஏறத்தாழ 50 ஆண்டுகள், அந்த ஒரே குழுவின் பொறுப்பில் இருந்தார். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் 5ஆம் சிம்பொனியை 1937 நவம்பரில் முதன்முதலாக மேடையேற்றியபோது அவருக்கு வயது 34. பிறகு 6, 8, 9, 10, 12 ஆகிய சிம்பொனிகளின் முதல் நிகழ்ச்சிகளும் அவர் கையால்தான் நடந்தன. அவற்றில் 8ஆம் சிம்பொனி அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. ஒத்திகையில் அவர் காட்டிய கண்டிப்பு பெயர் பெற்றது. பல பத்தாண்டுகளாக வாசித்துவரும் படைப்பையும் புதிதாகக் கற்பவரைப் போல வரிவரியாகப் பிரித்துத் திருத்துவார். அந்த உழைப்பைத்தான் பதிவுகளில் நாம் தேடுகிறோம்.

சிக்கல் இங்கே தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தோடு அவர் ஸ்டூடியோப் பதிவுகளை அநேகமாக நிறுத்திவிட்டார். அதன் பிறகு நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள்: 1965 பிப்ரவரியில் மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில் நடந்தவை, 1973 மே மாதம் டோக்கியோவில் நடந்தது, 1978 ஜூனில் வியன்னாவில் நடந்தவை, இவற்றோடு லெனின்கிராட் அரங்கில் பல ஆண்டுகளாகச் சேர்ந்தவை. ஒரே படைப்புக்கு ஐந்து, ஆறு பதிவுகள் இருக்கின்றன. மூல நாடாவிலிருந்து பிரதி, பிரதியிலிருந்து இன்னொரு பிரதி என்று நாடு விட்டு நாடு போனபோது, ஒவ்வொரு இயந்திரமும் தன் வேகத்தைச் சிறிது ஏற்றியோ இறக்கியோ விட்டிருக்கிறது.

ஷோஸ்டகோவிச்சின் 8ஆம் சிம்பொனியை 1982 மார்ச்சில் லெனின்கிராடில் அவர் நடத்திய பதிவு இதற்கு நல்ல உதாரணம். மேற்கில் அது முதலில் பரவலாக வெளியான குறுந்தகட்டில் சுருதி உயர்ந்திருந்தது; பின்னால் வந்த வேறொரு வெளியீட்டில்தான் திருத்தப்பட்டது. டேப்பில் சுருதி ஏறினால் வேகமும் சேர்ந்தே ஏறும். அரைக் கட்டை உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடும். 60 நிமிட இசை 56 நிமிடம் 38 நொடியில் முடிந்துவிடும். எண்ணாகப் பார்க்கும்போது சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் முதல் பகுதியில், முழுக் குழுவும் உச்சத்தில் அலறி ஓய்ந்த பிறகு, தந்தி வாத்தியங்களின் நடுக்கத்தின் மேல் இங்கிலீஷ் ஹார்ன் என்ற குழல் வாத்தியம் மட்டும் தனியாக நீண்ட நேரம் பாடும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். சரியான வேகத்தில் அது மூச்சுக்குத் தவிக்கும் ஒரு குரலாக இருக்கிறது. சுருதி ஏறிய பிரதியில் அதே வாசிப்பு மெலிந்து, பதற்றத்தோடு எங்கோ ஓடுகிறது. ம்ராவின்ஸ்கி குளிர்ச்சியானவர், எல்லாவற்றையும் விரட்டுபவர் என்று தீர்ப்பு எழுதியவர்களில் எத்தனை பேர் இப்படிப்பட்ட பிரதியைக் கேட்டு எழுதினார்களோ என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி வேண்டாம். 8ஆம் சிம்பொனி சி மைனரில் உள்ளது. தாழ்ந்த சுரங்கள் வாசிக்கும் தந்தி வாத்தியங்களான செல்லோவும் டபுள் பாஸும் தொடக்கத்தில் எழுப்பும் முதல் சுரமே சி. பக்கத்தில் ஒரு கீபோர்டை வைத்துக்கொண்டு அந்தச் சுரத்தை ஒப்பிட்டாலே போதும். கர்நாடக இசையின் பழைய இசைத்தட்டுகளில் பாடகரின் கட்டை நமக்குத் தெரியாவிட்டால் தடுமாற வேண்டியிருக்கும்; சிம்பொனியில் அந்தத் தொல்லை இல்லை, இசையமைப்பாளரே சுருதியை எழுதி வைத்துவிட்டார். குழுக்கள் சற்று உயர்த்திச் சுருதி சேர்ப்பது உண்டு என்பதால் நூலிழை வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். நாங்கள் வேலை செய்யும்போது இன்னொரு தடயத்தையும் தேடுவோம். பதிவுக் கருவிகளில் மின்சாரத்தின் ஹம் ஒலி மெல்லிசாகப் படிந்திருக்கும். ரஷ்யாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மூல நாடாவில் படிந்த ஹம் ஒரு பிரதியில் 53 ஹெர்ட்ஸில் தெரிந்தால், டேப் அரைக் கட்டை வேகமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது தேதி. ம்ராவின்ஸ்கியின் கச்சேரிப் பதிவுகளில் கைதட்டலை வெட்டி எறிந்துவிட்டு, உறையில் ஆண்டை மாற்றிப் போட்ட வெளியீடுகள் இருக்கின்றன. இரண்டு வெவ்வேறு ஆண்டுகள் போட்ட இரண்டு கோப்புகள் என்னிடம் வந்தால் நான் முதலில் தேடுவது இருமலைத்தான். மெதுவான பகுதியில் இடப்பக்கம் ஒருவர் இருமுகிறார், எட்டு நொடி கழித்து நாற்காலி ஒன்று கிறீச்சிடுகிறது. மற்றக் கோப்பிலும் அதே இருமல், அதே இடைவெளியில் அதே கிறீச்சொலி. அத்துடன் சந்தேகம் தீர்ந்தது. இரண்டும் ஒரே மாலையில் நடந்த ஒரே கச்சேரி. நடத்துநரின் அணுகுமுறை பத்து ஆண்டுகளில் எப்படி மாறியது என்று அந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுதுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது.

இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான சாய்கோவ்ஸ்கியின் கடைசி மூன்று சிம்பொனிகளில் வேறு வகையான குழப்பம் உண்டு. லெனின்கிராட் குழு டாய்ச்ச கிராமபோன் நிறுவனத்துக்காக இவற்றை இருமுறை பதிவு செய்தது. 1956இல் செய்தது மோனோ, அதாவது ஒற்றைத் தடப் பதிவு. அதில் 5, 6 ஆகியவற்றை மட்டுமே ம்ராவின்ஸ்கி நடத்தினார், 4ஐ நடத்தியவர் குர்ட் சாண்டர்லிங். 1960இல் லண்டனிலும் வியன்னாவிலும் ஸ்டீரியோவில் (இடம், வலம் என இரு தடங்களில்) பதிவான தொகுப்பில் மூன்றையும் ம்ராவின்ஸ்கியே நடத்தினார். வாங்கும்போது ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். இரண்டுமே உயர்ந்தவை என்றாலும், ஸ்டீரியோப் பதிவில் மட்டும் கிடைக்கும் ஒன்று உண்டு. 6ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதி தொடங்கும் மெட்டை எந்த வயலின் பிரிவும் முழுதாக வாசிப்பதில்லை. ஒரு சுரம் முதல் வயலின்களுக்கு, அடுத்த சுரம் இரண்டாம் வயலின்களுக்கு என்று மாறி மாறி எழுதப்பட்டிருக்கிறது. ம்ராவின்ஸ்கி முதல் வயலின்களை இடப்புறமும் இரண்டாம் வயலின்களை வலப்புறமும் உட்கார வைத்தவர். அதனால் நல்ல ஸ்டீரியோப் பிரதியில் அந்த மெட்டு நம் இரு காதுகளுக்கும் இடையே ஆடியாடிச் சேர்கிறது. மோனோப் பதிவை மின்னணு முறையில் பிரித்துச் செய்த போலி ஸ்டீரியோவில் இது வராது, ஒரு பூசிய எதிரொலிதான் வரும்.

இரைச்சல் நீக்கத்தைப் பற்றி என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். டேப்பின் 'உஸ்' ஒலியை முழுதாகத் துடைத்துவிட்டால் கேட்பவர் மகிழ்வார் என்று நினைத்து, வில் தந்தியைத் தொடும் ஓசையையும் அரங்கின் காற்றையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறோம். இந்தக் குழுவின் பெருமையே, முழுக் குழுவும் சேர்ந்து வாசித்தாலும் கேட்குமா கேட்காதா என்ற அளவுக்கு இறங்கும் மென்மையில் இருக்கிறது. அதே 6ஆம் சிம்பொனியின் முதல் பகுதியில், மென்மையைக் குறிக்கும் பி என்ற எழுத்தை சாய்கோவ்ஸ்கி ஆறு முறை அடுக்கி எழுதியிருக்கிறார். அடுத்த நொடியில் முழுக் குழுவும் இடி போல விழுகிறது. ஒலியளவைச் சமன் செய்யும் வசதியை இயக்கிவிட்டுக் கேட்டால் அந்த மென்மை மேலே ஏறும், இடி கீழே இறங்கும், இரண்டுக்கும் நடுவே இருந்த அச்சம் போய்விடும். உங்கள் கைபேசிச் செயலியின் அமைப்புகளில் இந்த வசதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் 1960 சாய்கோவ்ஸ்கி தொகுப்பையும், 1965 மாஸ்கோ கச்சேரிகளில் கிளிங்காவின் 'ருஸ்லான்' முன்னிசையையும் சொல்வேன். இந்த முன்னிசையில் வேகம் உண்மையிலேயே அவருடையது: ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் வயலின்களின் ஒரு சுரமும் கலங்குவதில்லை. பிறகு, ஷோஸ்டகோவிச்சின் 8ஆம் சிம்பொனியை 1960 செப்டம்பரில் லண்டன் ராயல் பெஸ்டிவல் ஹாலில் அவர் நடத்திய பதிவையும், சுருதி திருத்திய 1982 பதிவையும் அடுத்தடுத்து வையுங்கள். இங்கிலீஷ் ஹார்ன் தனித்துப் பாடும் இடத்துக்கு நேராகப் போய், முதலில் ஒன்றை, பிறகு மற்றதைக் கேளுங்கள். 22 ஆண்டு இடைவெளியில் அந்த மூச்சு எவ்வளவு நீண்டிருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது என்பதை அதன் பிறகு உங்கள் காதே அளந்துவிடும்.