வெறும் மெத்தையைப் புரட்டிய இரவு

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பல ஆண்டுகளாகச் செவிலியர் கண்காணிப்பாளராகப் பணியாற்றும் எனக்கு, ஒரு கட்டம்கூட விட்டுப்போகாத பதிவேட்டைக் கண்டால்தான் சந்தேகம் வருகிறது.

ஓர் இல்லத்தில், தானாகப் புரள முடியாத முதியவர் ஒருவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்குமாறு உத்தரவு இருந்தது. இரவு 10, 12, 2, 4, 6 என ஐந்து கட்டங்களிலும் ஒரே பேனாவால், ஒரே சாய்வில் கையெழுத்து இடப்பட்டிருந்தது. ஆனால் அந்த முதியவர் காய்ச்சல் அதிகமாகி, நள்ளிரவுக்கு முன்பே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார். பிறகு வெறும் மெத்தையையா புரட்டினார்கள்? விசாரித்தபோது, விடியற்காலை வேலை நெருக்கடிக்கு அஞ்சி, டியூட்டிக்கு வந்தவுடனேயே எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டதாகப் பணியாளர் ஒப்புக்கொண்டார். ஆள் பற்றாக்குறை நிர்வாகத்தின் குறை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பொய்க் கையெழுத்து அந்தக் குறையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

இடுப்பின் பின்புறம், குதிகால் போன்ற இடங்களில் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தோல் நெடுநேரம் நசுங்கினால், ரத்த ஓட்டம் தடைபட்டுப் படுக்கைப் புண் உண்டாகிறது. புண்ணைப் பார்க்க வரும் மருத்துவர் முதலில், பக்கம் மாற்றிய நேரங்களைக் குறிக்கும் அட்டவணையைத்தான் கேட்பார். அதில் எல்லாம் சரியாக இருந்தால், தவறாமல் பக்கம் மாற்றியும் புண் வந்திருக்கிறது என்று கருதி, வேறு காரணத்தைத் தேடத் தொடங்குவார். எடையும் அப்படித்தான். 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 57 கிலோ ஆனால், அந்த 5 சதவீதக் குறைவு உடனே கவனிக்க வேண்டிய ஒன்று. போன மாத எடையையே பார்த்து எழுதினால் அது யார் கண்ணுக்கும் படாது.

செய்ய முடியாமற்போனதை, காரணத்துடன் அப்படியே எழுதுங்கள். மாத்திரையை மறுத்தால் மறுத்தார் என்றும், யாரிடம் தெரிவித்தீர்கள் என்றும் குறிப்பிடுங்கள். பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்துத் தேதியுடன் கையெழுத்திடுங்கள். வெள்ளை மை வேண்டாம்.

அதே இல்லத்தில் சில மாதங்களுக்குப் பிறகு நான் படித்த குறிப்பு இது: "2 மணிக்குப் புரட்டவில்லை, பக்கத்து அறையில் ஒருவர் விழுந்துவிட்டார். 3.05க்கு இடப்பக்கம் படுக்கவைத்தேன். குதிகால் சிவந்திருக்கிறது, அழுத்தினால் வெளுக்கவில்லை." அழுத்தியும் வெளுக்காத சிவப்பு படுக்கைப் புண்ணின் தொடக்க அறிகுறி. காலையில் அதைப் படித்த மருத்துவர், குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்கச் சொன்னார்.