கடலை எந்த வழியாக உள்ளே வந்தது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டத்து டவுனில், நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளையைக் கடலை படாமல் வளர்ப்பது லேசான வேலை இல்லை. காலையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால் ஓரத்தில் வறுத்த கடலை. சாயங்காலம் சாத்தே குழம்பில் அரைத்த கடலை. பக்கத்தில் ஈப்போவின் புந்தோங் பகுதி கச்சாங் பூத்தே என்ற கடலை, பயறு நொறுக்குத் தீனிக்கே பேர் போனது; தீபாவளிக்கு யாராவது ஒரு பை வாங்கி வந்துவிடுவார்கள். இதற்கு நடுவே, "கொஞ்சங் கொஞ்சமா குடுத்தா பழகிரும்" என்று சொல்ல ஒரு பாட்டியும் இருப்பார். பாட்டி சொல்வதில் பாதி உண்மைதான். எந்தப் பாதி என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகும் பெரியவர்கள் நம்மில் நிறையப் பேர். அது லாக்டோஸ் செரிக்காத தொல்லை, அவ்வளவுதான். ஒவ்வாமை வேறு. அங்கே கோளாறு வயிற்றில் இல்லை, நோய் எதிர்ப்பு மண்டலத்தில். கடலையின் ஒரு புரதத்தை அது தப்பாக எதிரி என்று குறித்துக்கொண்டு ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தை உண்டாக்குகிறது. இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி 1966-இல் இதைக் கண்டறிந்தார்கள். இந்த ஐஜிஇ தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இந்தக் கட்டத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த முறை அதே புரதம் வந்து சிக்கியதும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி. மோசமானால் மூச்சுக்குழாய் இறுகி, ரத்த அழுத்தமும் விழுந்துவிடும்.

சரி, கடலையே தின்னாத குழந்தைக்கு முதல் வாயிலேயே தடிப்பு வருகிறதே, எப்படி?

முதல் சந்திப்பு வாயில் நடக்காமல் தோலில் நடந்திருக்கலாம். கரப்பான் புண், அதாவது எக்ஸிமா, உள்ள குழந்தையின் தோலில் தடுப்புச் சுவர் பழுதாகி இருக்கும். கடலை தின்றவர் கையோடு தூக்கிக் கொஞ்சினாலும், பாயில் சிந்திய தூளில் குழந்தை தவழ்ந்தாலும், புரதம் அந்த வெடிப்புகள் வழியே இறங்குகிறது. வாசல் வழியாக வந்தால் விருந்தாளி, கூரையைப் பிரித்து இறங்கினால் திருடன். உடம்பும் அப்படித்தான் பார்க்கிறது. குடல் வழியாக வரும் புரதத்தைப் பெரும்பாலும் சோறு என்று ஏற்றுக்கொள்கிறது. 2003-இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு, புண்ணுள்ள தோலில் கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட பிள்ளைகளிடம் கடலை ஒவ்வாமை கூடுதலாக இருந்ததைக் காட்டியது. எக்ஸிமா உள்ள குழந்தைக்கு நல்லெண்ணெய் தேய்ப்பதையும் நான் மருத்துவரிடம் கேட்காமல் செய்ய மாட்டேன். எள்ளும் ஒவ்வாமை தரும் உணவுதான்.

இங்கேதான் பாட்டியின் பாதி உண்மை வருகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000-இல், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு 3 வயது வரை கடலை வேண்டாம் என்றது. 2008-இல் அந்த அறிவுரை கைவிடப்பட்டது. அப்புறம் 2015-இல் லண்டனில் கிடியன் லாக் குழுவினர் 640 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. 4 முதல் 11 மாதத்துக்குள் சேர்க்கப்பட்ட இந்தக் குழந்தைகளுக்குக் கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்தது. கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு 5 வயதில் கடலை ஒவ்வாமை. தொடர்ந்து தின்றவர்களில் 3.2 சதவீதம்தான். ஆக, ஒவ்வாமை வருவதற்கு முன்னே பழக்கினால் பாட்டி சொன்னது பலிக்கிறது. வந்த பிறகு வீட்டில் பழக்கிப் பார்ப்பது விளையாட்டு இல்லை. முன்கூட்டிக் கொடுப்பது என்றாலும் முழுக் கடலை கூடாது, தொண்டையில் அடைக்கும். மைய அரைத்துக் கஞ்சியில் கலக்க வேண்டும். எக்ஸிமா கடுமையாக இருந்தால் முதலில் மருத்துவர்.

இறால் கதை வேறு மாதிரி. அதிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதத்தின் நெருங்கிய உறவுகள் வீட்டுத் தூசிப் பூச்சியிலும் கரப்பான் பூச்சியிலும் இருக்கின்றன. நம் ஈரமான வெப்பத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. அதனால் இறாலைத் தாராளமாகத் தின்னும் பிள்ளைக்குக்கூட தோலில் ஊசியால் லேசாகக் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையில் இறாலுக்குத் தடிப்பு வரலாம். சோதனையை மட்டும் நம்பி உணவை நிறுத்தக் கூடாது. தின்றபோது என்ன ஆனது என்பதும் வேண்டும். உண்மையிலேயே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கோ சம்பலில் கரைந்திருக்கும் பிளாச்சான் என்ற இறால் விழுதே போதும். இந்தப் புரதம் வேகவைத்தாலும் அழியாது.

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும். கடலை ஒவ்வாமை ஐந்தில் ஒருவருக்குத்தான் போகிறது. அதனால் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலும் தமிழ்ப்பள்ளிக் கேண்டீனிலும் வெட்கப்படாமல் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை அகற்றாது.

மூச்சு இரைத்தாலோ, குரல் கம்மினாலோ, பிள்ளை துவண்டாலோ அரிப்பு மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். அது ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும், இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்காது. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் குழாயைத் திறந்து ரத்த அழுத்தத்தையும் தூக்கும். மருத்துவர் அந்த ஊசியைக் கொடுத்திருந்தால் உடனே போட்டுவிட்டு 999-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளையைப் படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் உட்கார விடலாம், நடக்க விடாதீர்கள். ஊசி போட்டதும் தெளிந்துவிட்டது என்று தோட்டத்துக்குத் திரும்பிவிடவும் கூடாது. சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை இரண்டாவது முறை கிளம்புவது உண்டு, அப்போது பிள்ளை மருத்துவமனையில் இருக்க வேண்டும்.