தொட்டியில் புழுவைப் பார்த்தால் கையை விடாதீர்கள்

ஒயிட்ஃபீல்டிலிருந்து இரவு பதினோரு மணிக்கு ஒரு போன். "அண்ணா, மீன் தொட்டியில பூரான் மாதிரி ஒண்ணு ஓடுது. இவர் கையை விட்டுப் புடிச்சிட்டார், விரல் எரியுதுங்கறார்" என்று அந்தம்மா பதறினார்.

பெங்களூரில் வீடுகளுக்குப் போய்க் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். புழுவைக் கண்டு பயப்படுவது இயல்புதான். அந்தப் பயத்தில் செய்கிற வேலைதான் கையையும் கெடுக்கிறது, தொட்டியையும் கெடுக்கிறது.

மறுநாள் காலை அவர் விரலைப் பார்த்தேன். சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் சுணை ஏறியது போல, நுனியெல்லாம் மெல்லிய வெள்ளை முள். இரவு துண்டால் அழுத்தித் தேய்த்திருக்கிறார். பாதி முள் உடைந்து உள்ளே போய்விட்டது. தேய்க்கவே கூடாது. தோலை உலரவிட்டு, செல்லோ டேப்பை மெதுவாக ஒட்டி உரித்தால் முள் அதோடு வரும். அப்புறம் வினிகரில் நனைத்த பஞ்சு வைக்கலாம். வீக்கம் கூடினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இந்தப் புழுவை நாங்கள் பிரிசில் வார்ம் என்போம். மண்புழுவுக்குப் பங்காளி. இளஞ்சிவப்பும் சாம்பலுமாக வளையம் வளையமாய் உடல், இரண்டு பக்கமும் வெள்ளைச் சுணை. பகலெல்லாம் பாறைப் பொந்தில் கிடக்கும். விளக்கணைத்த பிறகு வந்து, மீன் மிச்சம் வைத்த தீவனத்தையும் செத்துக் கிடப்பதையும் தின்னும். செத்த மீனை இது மொய்ப்பதைப் பார்த்து, இதுதான் கொன்றது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் மீன் செத்த பிறகு வந்ததுதான். கூட்டம் பெருகினால் தீவனம் அதிகமாக விழுகிறது என்று அர்த்தம். அந்த வீட்டில் காலையில் தாத்தா, ஸ்கூல் விட்டு வந்ததும் பையன், இரவில் அப்பா. ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது.

பாறையோடும் பவளத்தோடும் ஒட்டிக்கொண்டுதான் இது வருகிறது என்றதும், "அப்ப ஊருக்குப் போறப்ப ராமேஸ்வரத்துலேர்ந்து நல்ல கல்லா எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் தாத்தா. கூடவே கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை.

கோரமங்களாவில் ஒருவர் நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மருந்தைத் தொட்டியில் கலந்துவிட்டார். புழு செத்தது, பாறைக்கு உள்ளேயே. எட்டாத பொந்துகளில் அது அழுகி அம்மோனியா ஏறியது. கடல்நீர்த் தொட்டியில் பி.எச்., அதாவது நீரின் அமில-காரத் தன்மையின் அளவு, 8-க்கு மேல் இருக்கும். அந்த நிலையில் அம்மோனியாவின் கடுமை கூடும். நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு கிளவுன் மீனும் ஒரு மஞ்சள் டாங் மீனும் அடியில் கிடந்தன. நான்கு வருடமாக வளர்த்தவர், அழுதுவிட்டார்.

இதைவிடப் பெரிய ஆபத்து, புழு சாகட்டும் என்று பாறையை அடுப்பில் கொதிக்க வைப்பது. பாறையில் ஒட்டியிருக்கும், பவளத்துக்கு உறவான சோவாந்திட் என்ற பூப்போன்ற உயிரின் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆவியோடு அது வீடு முழுக்கப் பரவும். 2018-ல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் கிராமத்தில், தொட்டிப் பவளத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்த வீட்டில், குடும்பத்தாரோடு உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

சரி, கட்டாயம் வெளியேற்ற வேண்டிய புழுவே இல்லையா? உண்டு. உடல் தடித்து, வெள்ளைச் சுணையின் அருகே செக்கச்செவேலென்று குஞ்சம் இருந்தால் அது நெருப்புப் புழு, பவளத்தையே தின்னும். தலையில் ஐந்து உணர்கொம்பும் உடலில் வானவில் மினுமினுப்பும் தெரிந்தால் யூனிஸ் வகை. 2009-ல் இங்கிலாந்தின் நியூக்வே மீன் காட்சியகத்தில் பவளங்கள் சேதமாகிக்கொண்டே இருக்க, தொட்டியைப் பிரித்தபோது நான்கடி நீளத்தில் ஒன்று அகப்பட்டது. இந்த இரண்டில் ஒன்றாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, புழு ஒளிந்திருக்கும் பாறையை அப்படியே தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

மற்றதற்குப் பொறி போதும். மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் ஸ்ட்ரா நுழையும் அளவுக்கு ஓட்டைகள் போட்டு, உள்ளே ஒரு இறால் துண்டு. விளக்கணைத்த பின் மணலில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து நீள இடுக்கியால் எடுக்க வேண்டும். கையுறை கட்டாயம். சிவப்பு வெளிச்ச டார்ச் அடித்தால் அவ்வளவாக ஓடி ஒளியாது. ஒயிட்ஃபீல்டு வீட்டில் முதல் ராத்திரி பதினேழு அகப்பட்டன. தீவன டப்பா இப்போது தாத்தாவின் அலமாரியில் இருக்கிறது. ஒரு வேளை மட்டும், அவர் கையால்.