சர்க்கரை ஏறினால் மெக்னீசியம் ஏன் குறைகிறது?

ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகத்தால் அதை முழுவதும் திரும்ப உறிஞ்ச முடியாது. மிச்சம் சிறுநீரில் போய்விடும். போகும்போது தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும், தண்ணீரோடு மெக்னீசியமும் வெளியேறும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத பலருக்கு இந்தத் தாது குறைந்திருப்பதற்கு இது முக்கியமான காரணம். நீர் மாத்திரைகளும், அமிலத்துக்காக நீண்ட நாள் எடுக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளும் அதை இன்னும் குறைக்கலாம்.

சரி, குறைந்தால் என்ன ஆகும்? இன்சுலின் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் வந்து ஒட்டியதும், ஏற்பியின் உட்பகுதி ஒரு நொதியாக வேலை செய்யத் தொடங்குகிறது. ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துத் தன்மீதே பதித்துக்கொள்கிறது. 'சர்க்கரையை உள்ளே எடு' என்ற செய்தி அங்கிருந்துதான் தசைச் செல்லுக்குள் பரவுகிறது. ஆனால் ஏடிபியோடு மெக்னீசியம் சேர்ந்திருந்தால்தான் நொதியால் அதைப் பயன்படுத்த முடியும். மெக்னீசியம் போதாவிட்டால் செய்தி மங்கும், சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும், சிறுநீரில் இன்னும் மெக்னீசியம் போகும். நோய் குறைபாட்டை வளர்க்க, குறைபாடு நோயை வளர்க்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதில்லை. உடலில் இருக்கும் சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் பெரும்பகுதி எலும்பிலும் செல்களுக்குள்ளும்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதனால் பரிசோதனையில் அளவு குறைவாக வந்தால் குறைபாடு உண்டு என்று நம்பலாம். சரியாக இருப்பதாக வந்தால் மட்டும் குறைபாடே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மாத்திரையின் பலனும் இதையொட்டியே அமைகிறது. மெக்னீசியம் குறைந்திருந்தவர்களிடம் நடந்த சில ஆய்வுகளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு இறங்கியது. போதுமான அளவு உள்ளவர்களுக்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. குறைபாடு இல்லாதவர்கள் சர்க்கரையைக் குறைப்பதற்காகத் தாது மாத்திரை எடுப்பதை அமெரிக்க நீரிழிவு சங்கமும் பரிந்துரைப்பதில்லை. அது சரியான நிலைப்பாடு என்றே எனக்கும் படுகிறது.

துத்தநாகத்துக்கும் இன்சுலினோடு நெருங்கிய உறவு உண்டு. கணையம் இன்சுலினைச் சேமிக்கும்போது, துத்தநாக அயனிகளைச் சுற்றி ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் கட்டாகச் சேர்கின்றன. அதற்காகத் துத்தநாகத்தை அள்ளிப் போடக் கூடாது. நெடுநாள் அதிகம் எடுத்தால் உடலில் தாமிரம் குறையும். குரோமியம், சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும் தாது என்று 1950களின் இறுதியில் எலிகளில் நடந்த ஆய்வுகளால் பெயர் பெற்றது. ஆனால் அது மனிதருக்கு அத்தியாவசியம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2014இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் முடிவு செய்தது. செலீனியம் விஷயத்தில் எச்சரிக்கையே தேவை: தினம் 200 மைக்ரோகிராம் எடுத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடியிருந்ததாக 2007இல் வெளியான ஒரு பகுப்பாய்வு காட்டியது.

சர்க்கரை நோய் நாளடைவில் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. நன்றாக இயங்கும் சிறுநீரகம் மிகுதியான மெக்னீசியத்தை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. அளவு மிகவும் ஏறினால் ரத்த அழுத்தம் விழும், இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் மெக்னீசியம் மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்பே, சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள்.