டிடிஎஸ் 180 தானே சார், அப்புறம் என்ன?

எங்கள் லேபுக்குத் தண்ணீர் பெரும்பாலும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில்தான் வரும். போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் அப்படித்தான் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் இன்னும் ஆரஞ்சு வாசம். "டிடிஎஸ் 180 தான் சார், நானே மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன். பேத்திக்கு அடிக்கடி வயித்தால போகுது. டாக்டர் தண்ணியை டெஸ்ட் பண்ணச் சொன்னார், ஒரு ரிப்போர்ட் மட்டும் குடுங்க" என்றார். டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று.

அந்தச் சாம்பிளை நான் வாங்கவில்லை. கிருமிநீக்கம் செய்த பாட்டில் ஒன்றைக் கொடுத்தேன். அதன் அடியில் கொஞ்சம் சோடியம் தயோசல்ஃபேட் இருக்கும். தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை அது முறித்துவிடும். இல்லாவிட்டால் லேபுக்கு வரும் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, ரிப்போர்ட் பொய்யாக நல்லபடியாக வந்துவிடும். அதனால் பாட்டிலைக் கழுவக் கூடாது. குழாய் வாயை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுவர வேண்டும்.

சொன்னபடியே கொண்டுவந்தார். டிடிஎஸ் சரியாக 180. ஆனால் குடலில் வாழும் கிருமியான ஈ.கோலை இருந்தது, அதாவது மலக்கழிவு கலந்திருக்கிறது.

டிடிஎஸ் மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. அதை வைத்து, கரைந்திருக்கும் உப்பைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். கிருமி அதன் கண்ணில் படாது. எந்த உப்பு என்றும் அதற்குத் தெரியாது. டிடிஎஸ் 400 உள்ள போர் தண்ணீரிலும் ஃப்ளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்களைக் கேளுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான்.

நாங்கள் ரிப்போர்ட் எழுதுவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 (2012) தரத்தை வைத்து. அதில் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று ஏற்கத்தக்க அளவு. மற்றொன்று, வேறு நீராதாரமே இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம் என்கிற உச்ச அளவு. லிட்டருக்கு டிடிஎஸ் 500, 2000 மில்லிகிராம். ஃப்ளோரைடு 1, 1.5. பலர் இரண்டாவது எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் நைட்ரேட்டுக்கு 45 தான், அதற்கு மேல் சலுகை கிடையாது. ஈ.கோலைக்கு எண்ணே கிடையாது: 100 மில்லியில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

சட்டம் என்று பார்த்தால், பாட்டில், கேன் தண்ணீர் 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. லேபிளில் 14 இலக்க உரிம எண் இல்லாத கேனை வீட்டுக்குள் விடாதீர்கள். குழாய்த் தண்ணீருக்கு ஐ.எஸ். 10500 தானாகவே சட்டக் கட்டாயம் ஆகிவிடாது. வீடுதோறும் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் போன்ற அரசுத் திட்டங்கள் அதை அளவுகோலாக வைத்திருக்கின்றன. உங்கள் வீட்டுச் சம்பையும் (நிலத்தடித் தொட்டி) போரையும் யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, முடிந்தால் மழைக்குப் பிறகு, நீங்கள்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

பெரியவர் வீட்டில் சம்ப் மூடி விரிசல் விட்டிருந்தது. நாலு அடி தள்ளிச் செப்டிக் டேங்க். அதைச் சரிசெய்து, சம்பைக் காலி பண்ணிக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகு மறுபடி சாம்பிள் கொண்டுவந்தார். ஈ.கோலை இல்லை. கையோடு மீட்டரையும் எடுத்துவந்திருந்தார். அது அன்றைக்கும் 180 தான் காட்டியது.