உச்சம் வேறு, உரப்பு வேறு

வீட்டில் பதிந்த பாடலை மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்புக்கு) அனுப்பும் முன் எவ்வளவு உரப்பாக வைக்க வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உரப்பாக வைக்கத் தேவையே இல்லை என்பதே என் பதில். ஒலியின் ஒவ்வொரு அளவீட்டையும் 24 இரும இலக்கங்களில் எழுதும் 24 பிட் பதிவில் ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபல் தருவதால் கோட்பாட்டளவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 144 டெசிபல் வீச்சு கிடைக்கிறது. அறையின் இரைச்சலும் மைக்கின் இரைச்சலும் அதன் அடிமட்டத்துக்கு வெகு மேலேயே இருக்கும். ஆகவே அலையின் உச்சங்கள் டிஜிட்டல் பதிவின் மேல்வரம்பான பூஜ்யத்துக்குக் கீழே, −10 டெசிபலில் நின்றாலும் இழப்பு ஏதுமில்லை. பதியும்போதே பூஜ்யத்தில் முட்டி வெட்டுப்பட்ட அலையை முழுமையாக மீட்கத்தான் வழியில்லை.

ஒரு கைதட்டலும் நீட்டிப் பாடிய ஒரு சுரமும் ஒரே உச்சத்தைத் தொடலாம். காதுக்குச் சுரமே உரப்பாகக் கேட்கும். இந்த வேறுபாட்டை அளக்கும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் பி.எஸ்.1770 என்ற பரிந்துரையாக வெளியிட்டது. அதன்படி உரப்பை அளக்கும் மீட்டர் முதலில் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்து, தலையின் வடிவம் ஒலியை மாற்றும் விதத்தைக் கருதி உயர் அதிர்வெண்களைச் சுமார் 4 டெசிபல் உயர்த்துகிறது. பிறகு ஒலியை 400 மில்லிவினாடித் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று முக்கால் பங்கு படியுமாறு எடுத்து, ஒவ்வொன்றின் ஆற்றலையும் கணக்கிடுகிறது.

பாட்டின் நடுவே நீண்ட மௌனம் வந்தால் சராசரி பொய்யாகச் சரிந்துவிடுமே என்ற சிக்கலுக்கு 2011-இல் அந்தப் பரிந்துரையில் சேர்ந்த தீர்வு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. எல்.யு.எஃப்.எஸ். என்ற உரப்பு அலகில் (இதிலும் டிஜிட்டல் மேல்வரம்பை ஒப்பிட்டே எண் வரும்) −70-க்குக் கீழுள்ள துண்டுகளை மீட்டர் முதலில் ஒதுக்குகிறது. எஞ்சியவற்றின் சராசரியைக் கண்டு, அதைவிட 10 அலகுக்கு மேல் தாழ்ந்தவற்றையும் ஒதுக்கிவிட்டு, மீண்டும் சராசரி எடுக்கிறது. எவை பாட்டின் உரப்பைத் தீர்மானிக்கும் பகுதிகள், எவை இடைவெளிகள் என்பதற்கான எல்லையை அந்தப் பாட்டிலிருந்தே கண்டெடுக்கும் கணக்கு இது! மீட்டரில் எல்.யு.எஃப்.எஸ். அளவாக நாம் காணும் எண் இப்படித்தான் பிறக்கிறது. ஒளிபரப்பு நிலையத்தில் உள்ள அதே அளவுகோல் வீட்டுக் கணினிக்கும் வந்திருப்பதற்கு, அந்தப் பரிந்துரை எவரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்திருப்பதும் ஒரு காரணம். பொது நன்மைக்கான ஆராய்ச்சி இப்படித்தான் வெளிவர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மிக்ஸிங் (குரல், கருவிகளின் தடங்களைக் கலந்து சமன் செய்வது) முடிந்த பதிவு −23-க்கும் −18 எல்.யு.எஃப்.எஸ்.-க்கும் இடையில் இருந்தால் போதும் என்பது என் கணிப்பு. உச்சம் சரியாக −6 டெசிபலில்தான் நிற்க வேண்டும் என்ற பரவலான நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. பூஜ்யத்துக்கு மேலான அளவுகளையும் எழுத இடமுள்ள 32 பிட் மிதவைப்புள்ளிக் கோப்பில் பூஜ்யத்தைத் தாண்டிய அலைகூட வெட்டுப்படாமல் இருப்பதால், மொத்த அளவையும் இறக்கினாலே அது சரியாகிவிடும். எல்லாத் தடங்களும் சேரும் இறுதித் தடத்தில் உரப்புக்காகப் போட்ட லிமிட்டரை (உச்சங்களை ஒரு வரம்பில் அடக்கும் கருவியை) மட்டும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். அதை நீக்க மனம் வரவில்லை என்றால், லிமிட்டர் உள்ள வடிவத்தை இல்லாத வடிவத்தின் அதே எல்.யு.எஃப்.எஸ். அளவுக்கு இறக்கி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். தாளத்தின் அடி எதில் மழுங்கியிருக்கிறது என்பது அப்போது கேட்கும்.