வேலை நீக்கக் கடிதம் வந்தால்: 60 நாள் கணக்கும் பழைய தீர்ப்புகளும்

மலேசியாவில், தகுந்த காரணமின்றி வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று கருதும் தொழிலாளி, 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ் தொழிலுறவு இலாகாவில் மனுக் கொடுக்கலாம். கோலாலம்பூரில் கணக்கர் வேலையோ பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலையோ, சம்பளம் எவ்வளவானாலும் சரி. அரசாங்க ஊழியர்களுக்கு இந்த வழி கிடையாது.

கெடு 60 நாள். நீக்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். நோட்டீஸ் கொடுத்து நீக்கியிருந்தால் நோட்டீஸ் காலம் முடிந்த நாளிலிருந்து. அதற்குப் பிறகு வரும் மனுவை ஏற்க இலாகாவுக்கு அதிகாரமே இல்லை. கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீடு எழுதிப்போட்டு, பதில் வரட்டும் என்று காத்திருந்து நாளைத் தவறவிடாதீர்கள். ‘நஷ்டஈடு மட்டும் போதும்’ என்றும் மனுவில் எழுத வேண்டாம். இந்தப் பிரிவில் கேட்க வேண்டியது பழைய வேலையைத்தான்.

இலாகா இருதரப்பையும் கூப்பிட்டு சமரசம் பேசும். அங்கே வழக்கறிஞர் வர முடியாது. பேச்சு முறிந்தால் தலைமை இயக்குநர் வழக்கைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். 2021 ஜனவரி 1 முதல் இதற்கு அமைச்சரின் முடிவு தேவையில்லை. பினாங்கிலும் அந்த நீதிமன்றத்துக்குக் கிளை உண்டு.

விசாரணையில் முதலில் பார்க்கப்படுவது நீக்கக் கடிதம். அதில் ‘அடிக்கடி வேலைக்கு வரவில்லை’ என்று எழுதிவிட்டு, நீதிமன்றத்தில் வந்து ‘ஸ்டோரில் பொருள் திருடினார்’ என்று முதலாளி சொன்னால் எடுபடாது. முதலாளி சொன்ன காரணம் நிரூபிக்கப்பட்டதா என்றுதான் பார்க்க வேண்டும், அவருக்காக வேறொரு காரணத்தை நீதிமன்றம் தேடித்தரக் கூடாது என்பது நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வகுத்த விதி. கூன் குவீ பாய் எதிர் ஜே அண்ட் பி கோட்ஸ் வழக்கு. ‘1981, 2 எம்.எல்.ஜே. 129’ என்று குறிப்பார்கள். எம்.எல்.ஜே. என்பது ‘மலாயன் லா ஜர்னல்’ என்ற தீர்ப்புத் தொகுப்பு; மற்றவை ஆண்டு, தொகுதி, பக்கம், அவ்வளவுதான். நோட்டீஸ் கொடுத்துத்தானே நிறுத்தினோம், கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்ற வாதத்தையும் அந்தத் தீர்ப்பே அடைத்துவிட்டது.

கூட்டரசு நீதிமன்றத்தின் சட்ட முடிவு மேல்முறையீட்டு நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றத்தையும் தொழிலியல் நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தும். ஒரு தொழிலியல் நீதிமன்றத் தலைவரின் தீர்ப்பு இன்னொரு தலைவரைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். இந்தியாவின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை யூடியூப்பில் பார்த்துவிட்டு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இங்கே அதற்கும் வாத பலம் மட்டுமே உண்டு.

கட்டுப்படுத்தும் தீர்ப்பாக இருந்தாலும் உங்கள் சம்பவம் அதோடு பொருந்த வேண்டும். ‘அந்த வழக்கு வேறு, இது வேறு’ என்று எதிர்த்தரப்பு பிரித்துக்காட்டினால் அது கைகொடுக்காது. ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் சிக்குவது இங்கேதான். நீக்கியதை முதலாளியே ஒப்புக்கொண்டால் காரணத்தை நிரூபிப்பது அவர் பொறுப்பு. ராஜினாமா என்று அவர் சொன்னால், கட்டாயப்படுத்தி எழுதவைத்தார்கள் என்பதை முதலில் நீங்கள் நிரூபிக்க வேண்டும். மிரட்டல் நடந்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் அன்றே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை: போலீஸ் வழக்குப் போடவில்லை, அதனால் ஜெயித்துவிடலாம். திருட்டுக் குற்றச்சாட்டாக இருந்தாலும் தொழிலியல் நீதிமன்றம் பார்ப்பது சிவில் வழக்கின் அளவுகோலை, அதாவது எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதை. இது 2002இல் டெலிகோம் மலேசியா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

ஜெயித்தால் வேலை திரும்பக் கிடைக்கலாம். இல்லையென்றால், வேலைசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் வழங்குவது வழக்கம். இந்தக் கணக்கு தீர்ப்புகள் வழியே நிலைபெற்றது. நீக்கிய பிறகு வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பள பாக்கிக்கு மட்டும் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது: 24 மாதம், தகுதிகாண் பருவத்தில் இருந்தவருக்கு 12 மாதம்.

தோற்றால் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய, தீர்ப்பு கிடைத்ததிலிருந்து 14 நாள்தான். கிடைத்த தேதியை அந்த உறையின் மேலேயே எழுதிவையுங்கள்.